சங்கக் கணினி நின்றுவிட்டால்

மாதத்தின் கடைசி வாரம். அங்கத்தினர்களுக்குக் கூலி பட்டுவாடா செய்யவேண்டிய நாள் நெருங்கியிருக்கின்றது. காலையில் குமாஸ்தா கணினியின் பொத்தானை அமுக்குகின்றார். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கின்றது, விளக்கும் எரிகின்றது. ஆனால் வழக்கமான திரை வரவில்லை. கறுத்த திரையில் வெள்ளை எழுத்துக்களில் இரண்டு வரிகள் தோன்றி அப்படியே நின்றுவிடுகின்றன. நூல் இருப்பு, கூலிப் பட்டியல், பங்குத் தொகை, சேமிப்புக் கணக்கு ஆகிய யாவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. வாசலில் நெசவாளர்கள் காத்திருக்கின்றனர். இந்நிலையில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இம்மாதப் பாடமாகும்.

பாடத்திற்கு விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் இது விற்பனைக்கு வந்தது. இதற்கு இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டனர். ஆயினும், பழைய கணக்குத் திட்டம் புதிய கணினியில் ஓடாமையாலோ, புதியது வாங்கப் பணம் ஒதுக்க இயலாமையாலோ, இதனையே வைத்துக் காலந்தள்ளும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. புதியது வரும் வரையில் பழையதைப் பேணத் தெரிந்திருப்பது நமது கடமை.

1. தறியும் அட்டையும் துணியும்

ஜக்கார்டுத் தறியில் பழகியவர்களுக்குக் கணினியின் அமைப்பை விளக்குவது கடினமன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து, அத்துளைகளின் ஆணைப்படி பாவு இழைகள் மேலெழும்புமாறு செய்யும் தறியை 1804-ஆம் ஆண்டில் அமைத்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தாம் 1830-களில் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு அந்த அட்டை முறையையே மேற்கொண்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த மக்கட்கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவரின் இயந்திரங்கள் துளையட்டைகளைக் கொண்டு எண்ணின. ஆகவே கணினி நெசவாளருக்கு அயலாரன்று, தறிவழி உறவுடையது.

தறியில் மூன்றைப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, மரமும் இரும்புமான தறி. இரண்டாவது, அதனை நடத்தும் அட்டைக்கோவை. மூன்றாவது, நெய்து சுருட்டிய துணி. கணினியிலும் இம்மூன்றும் உண்டு. பெட்டியும் அதன் உறுப்புகளும் தறி. விண்டோஸ் என்னும் இயங்குதளம் அட்டைக்கோவை. நாம் நாள்தோறும் எழுதிவைத்த கணக்குகள் துணி.

அட்டைக்கோவையின் கயிறு அறுந்தால் தறி நிற்கும். அதற்காக நெய்த துணியை அறுத்தெறிபவர் எவருமில்லை. அட்டைகளை மீண்டும் கோத்துத் தறியை ஓட்டுவர். கணினியிலோ ஒரு சிக்கல் உண்டு. அட்டைக்கோவையும் துணியும் ஒரே வன்தட்டில் இருக்கின்றன. எனவே, அட்டையைப் புதிதாக ஏற்றுவதற்கென்று வன்தட்டைத் துடைப்பவர், அறியாமலே துணியையும் துடைத்துவிடக்கூடும். இப்பாடத்தில் நினைவில் கொள்ளவேண்டியது இதுவே: முதலில் கணக்கை வெளியே எடுக்கவேண்டும், அதன் பின்னரே கணினியைச் சீர்செய்யவேண்டும்.

2. ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் குமாஸ்தாவாக இருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் கணினி இவ்வாறே நின்றது. பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். அவர் தொழில் தெரிந்தவரே. அரை நாளில் கணினியை எழுப்பிக் கொடுத்தார். திரை புதிது போல் பளபளத்தது. கணக்குக் கோப்பைத் தேடினோம், அது இல்லை. வன்தட்டு முழுவதையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றியிருந்தார். "பழைய கணக்கு வேண்டுமென்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார். அவர் கூறியது மெய்யே, நாங்கள் சொல்லவில்லை. வேறு இடத்தில் பிரதியும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நாற்பது நாட்கள் இரவும் பகலுமாகக் கணக்கைத் திரும்ப எழுதினோம். மூதாட்டி ஒருவரின் பாஸ் புத்தகத்தை மட்டும் கரையான் அரித்திருந்தது. எழுதப் படிக்க அறியாதவர். தொகை எவ்வளவு என்று கேட்டேன். "சங்கத்தில் எழுதி வைத்திருப்பீர்களே, தம்பி" என்றார். பழைய ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைத் தேடிக் கூட்டி ஒரு தொகையை எழுதினோம். அவர் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் எழுதியது சரியான தொகைதானா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

அதன் பின்னரே இத்தொழிலைக் கற்றுக்கொள்ள முனைந்தேன். கற்றதைக் கீழே வரிசையாகத் தருகின்றேன்.

3. கை வைக்குமுன் பார்க்கவேண்டியவை

முதலாவதாக, திரையில் தோன்றும் வாசகத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்க; அல்லது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்க. பின்னர் எவரிடம் யோசனை கேட்டாலும் அவர் முதலில் கேட்பது அதுவே.

இரண்டாவதாக, கணினியில் பென் டிரைவோ வேறு தட்டோ செருகியிருந்தால் அதனை எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கிப் பார்க்கவும். கணினி அந்தப் பென் டிரைவில் இயங்குதளத்தைத் தேடி, காணாமல் நின்றிருக்கக்கூடும்.

மூன்றாவதாக, கணினியின் தேதியைக் கவனிக்கவும். அது பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால், உள்ளே தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் தேதி மட்டுமன்றி, வன்தட்டை எம்முறையில் படிப்பது என்னும் அமைப்பும் மாறிவிடுவதுண்டு. அப்போது நீலத் திரை தோன்றி, 7 என்னும் எண்ணும் பி என்னும் ஆங்கில எழுத்தும் இறுதியில் வரும் பிழைக்குறி காணப்படும். மின்கலத்தை மாற்றி, அமைப்பைப் பழைய நிலையில் வைத்தாலே கணினி எழுந்துவிடும்.

நான்காவதாக, காது கொடுத்துக் கேட்கவும். வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்று இடைவிடாது தட்டும் ஓசை வருமாயின், பழுது அட்டையில் இல்லை, தறியிலேயே இருக்கின்றது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்கவேண்டும். அத்தட்டை மேலும் ஓட்டுவது, கிழிந்த பாவின் மேல் தொடர்ந்து நெய்வது போலாகும்.

ஐந்தாவதாக, கணினி தொடங்கும் வேளையில் எஃப் 8 விசையைப் பலமுறை அமுக்கிப் பார்க்கவும். விண்டோஸ் 7-இல் அப்போது ஒரு பட்டியல் தோன்றும். அதில் 'சேஃப் மோட்' என்பதைத் தேர்ந்தால் அத்தியாவசியமான உறுப்புகளோடு மட்டும் கணினி எழும். எழுந்துவிட்டால் உடனே கணக்கைப் பிரதி எடுத்துக்கொள்க. அந்தப் பட்டியலே வரவில்லையெனில் பென் டிரைவின் துணை வேண்டும்.

4. பென் டிரைவைத் தயாரித்தல்

இது மாற்று அட்டைக்கோவை போன்றது. கணினி தனது வன்தட்டை விட்டு, இதிலிருந்து ஆணை பெற்று எழும்.

8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்று போதும். தயாரிக்கும்போது அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடுமாதலால் வெறுமையானதையே எடுத்துக்கொள்க. கணினியோடு வந்த விண்டோஸ் 7 தட்டு சங்கத்தின் அலமாரியில் இருக்கின்றதா என்று தேடுக. அதன் பிம்பக் கோப்பை, நன்றாக ஓடும் மற்றொரு கணினியில் 'ரூஃபஸ்' என்னும் இலவசக் கருவியைக் கொண்டு பென் டிரைவில் ஏற்றலாம். எங்கிருந்தோ கிடைக்கும் பிம்பத்தை நம்பி ஏற்றுதல் தகாது. அதனுள் கள்ள நிரல் கலந்திருக்கக்கூடும்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். விண்டோஸ் 7-இல் 32 பிட், 64 பிட் என்று இருவகை உண்டு. கணினியில் எது உள்ளதோ அதே வகையே பென் டிரைவிலும் இருக்கவேண்டும். மாறியிருந்தால் சீர்செய்யும் பகுதி இசையாது. அடுத்து, பழைய கணினிக்கு ரூஃபஸ் கருவியில் 'எம்.பி.ஆர்.' என்னும் அமைப்பைத் தேர்தல் வேண்டும். மூன்றாவது, விண்டோஸ் 7 தட்டில் யு.எஸ்.பி. 3.0-க்குரிய இயக்கிகள் இல்லை. ஆகவே நீல நிறத் துளையில் செருகாமல், கறுப்பு நிறத் துளையிலேயே பென் டிரைவையும் விசைப்பலகையையும் சுட்டெலியையும் செருகுக. இதனை அறியாமல், "பென் டிரைவ் கெட்டுவிட்டது" என்று தூக்கியெறிந்தவர்களை நான் அறிவேன்.

5. கணக்கை வெளியே எடுத்தல்

தயாரித்த பென் டிரைவையும், பிரதி எடுப்பதற்கென்று மற்றொரு பென் டிரைவையும் செருகிக் கணினியைத் தொடங்குக. தொடங்கியவுடன் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒரு விசையை அமுக்கினால், எதிலிருந்து எழவேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். விசை எது என்பது கணினியைச் செய்த நிறுவனத்திற்கேற்ப மாறும். முதல் திரையின் ஓரத்தில் பெரும்பாலும் அது குறிக்கப்பட்டிருக்கும். அப்பட்டியலில் பென் டிரைவைத் தேர்க.

மொழியைக் கேட்கும் திரை முதலில் வரும். அதனைக் கடந்தால் நடுவில் பெரிதாக 'இன்ஸ்டால் நவ்' என்று ஒரு பொத்தான் தோன்றும். கை தானாகவே அதன்மேல் செல்லும். அதனை அமுக்காதீர்கள். அது புதிதாக ஏற்றுவதற்குரியது. இடப்பக்கம் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்றிருக்கும். நமக்கு வேண்டுவது அதுவே.

உள்ளே சென்றால் ஐந்து கருவிகள் கொண்ட பட்டியல் வரும். அவற்றுள் கடைசியில் இருக்கும் 'கமாண்ட் ப்ராம்ட்' என்பதை முதலில் திறக்கவும். கறுத்த கட்டத்தில் நோட்பேட் என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் விசையை அமுக்குக. எழுதும் பக்கம் ஒன்று திறக்கும். அதன் 'ஃபைல்' பட்டியலில் 'ஓப்பன்' என்பதைத் தேர்ந்து, கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், கணினியிலுள்ள கோப்புகள் யாவும் கண்ணுக்குப் புலனாகும். இது வாயிலடைத்த வீட்டிற்குள் கொல்லைக் கதவு வழியாக நுழைவதாகும்.

கணக்குக் கோப்புறையின்மேல் சுட்டியை வைத்து வலப் பொத்தானை அமுக்கி 'காப்பி' செய்து, பென் டிரைவுக்குச் சென்று 'பேஸ்ட்' செய்க. பெரிய கோப்பாயின் திரை அசையாமல் நிற்பது போல் தோன்றலாம்; பொறுத்திருக்கவேண்டும். இங்கு சி என்று நாம் வழங்கும் பகுதி டி என்று பெயர் மாறித் தோன்றுவதும் உண்டு, அஞ்சவேண்டா. கணக்குத் திட்டங்கள் பல, தம் கோப்புகளை 'மை டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் வைக்காமல் தனிக் கோப்புறையில் வைத்திருக்கும். அது எங்கே இருக்கின்றது என்பதைக் கணினி நலமாக இருக்கும்போதே அறிந்து எழுதிவைப்பது அவசியம்.

எடுத்த பிரதியை மற்றொரு கணினியில் திறந்து, கடைசியாகப் பதிந்த நாளின் கணக்கு அதில் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இதைப் பார்த்து முடிக்கும்வரை அடுத்த படிக்குச் செல்லலாகாது.

6. கணினியைச் சீர்செய்தல்

இப்பொழுது துணி பத்திரமாக இருக்கின்றது, அட்டையைக் கோக்கலாம்.

ஐந்து கருவிகளுள் முதலாவது 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. இது தொடக்கத்திற்குரிய கோப்புகளைத் தானே ஆராய்ந்து சீர்செய்யும். ஒருமுறையில் முடியாமற்போனால், கணினியை மறுபடியும் தொடங்கி, இரண்டு மூன்று முறை ஓடவிடுக. ஒரு பழுதை நீக்கிய பின்னரே அடுத்த பழுது அதன் கண்ணுக்குத் தென்படுவதுண்டு.

இதனால் பயனில்லையேல் இரண்டாவதான 'சிஸ்டம் ரீஸ்டோர்' கருவியைக் கையாளலாம். விண்டோஸ் அவ்வப்போது குறித்துவைத்த முந்திய தேதி ஒன்றின் நிலைக்கு இது அமைப்புகளைத் திருப்பும். நமது ஆவணங்களை இது தொடுவதில்லை. ஆயினும் அத்தேதிக்குப் பின் ஏற்றிய திட்டங்கள் நீங்கிவிடும்.

மூன்றாவதான 'சிஸ்டம் இமேஜ் ரிகவரி', முன்பே முழுப் பிம்பம் எடுத்து வைத்திருந்தால் மட்டுமே பயன்படும். அது வன்தட்டை அப்பிம்பத்தின் நாளுக்கே கொண்டுசெல்லுமாதலால், பின்னர் எழுதிய கணக்கு போய்விடும் என்பதை மறவற்க. நான்காவது, நினைவகத்தைச் சோதிப்பது.

ஐந்தாவதான கறுத்த கட்டத்தில் கட்டளைகளைத் தட்டலாம். 'பூட்ரெக்' என்னும் கட்டளை, வன்தட்டின் முகப்பிலுள்ள தொடக்கக் குறிப்பையும் இயங்குதளங்களின் பட்டியலையும் மீண்டும் எழுதும். 'செக்டிஸ்க்' என்னும் கட்டளை வன்தட்டின் பதிவேட்டைச் சரிபார்க்கும். பின்னதில் ஆர் என்னும் எழுத்தைச் சேர்த்தால் தட்டின் ஒவ்வோரிடத்தையும் படித்துச் சோதிக்கும். பல மணி நேரம் ஆகலாம். நலிந்த தட்டுக்கு இது கடும் உழைப்பு. கணக்கை முன்னரே எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாதொன்றும் பலிக்காமல் புதிதாக ஏற்றியே தீரவேண்டிய நிலையிலும் ஒரு வழி உண்டு. ஏற்றும்போது 'ஃபார்மட்' செய்யாமலும், பகுதிகளை அழிக்காமலும், அதே பகுதியின்மேல் ஏற்றினால், பழைய விண்டோஸும் பயனரின் கோப்புகளும் 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறைக்குள் ஒதுக்கிவைக்கப்படும். முதலில் கூறிய சங்கத்தில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலும் பெரும்பகுதி பிழைத்திருக்கும்.

பின்னர் வேறொரு சங்கத்தில், 'பூட் மேனேஜர் காணவில்லை' என்னும் பொருள்பட வாசகம் தோன்றிக் கணினி நின்றது. காரியதரிசி பதறினார். மேற்கூறிய வரிசைப்படி கணக்கை எடுத்தோம்; மற்றொரு கணினியில் திறந்து சரிபார்த்தோம். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' இரண்டாம் முறை ஓடியதும் கணினி எழுந்தது. மறுநாள் கூலி பட்டுவாடா நடந்தது. ஒருகால் கணினி எழாமலே போயிருந்தாலும் பட்டுவாடா நின்றிராது என்பதே அன்று எனக்குண்டான நிம்மதி.

7. எழுந்த பின்னர்

சீர்செய்த விண்டோஸ் 7, பழைய வலிமையுடையதன்று. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் கள்ள நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்குரிய திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தும், அதனை ஏற்காதிருந்த கணினிகளே அகப்பட்டன. இன்று விண்டோஸ் 7-க்குத் திருத்தமே வருவதில்லை. எனவே இக்கணினியை இணையத்தோடு இணைக்கவேண்டா. வங்கி அலுவல்களை இதில் செய்யவேண்டா. வெளியிலிருந்து வரும் பென் டிரைவை, நச்சுநிரல் தடுப்புள்ள மற்றொரு கணினியில் சோதித்த பின்னரே செருகவேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் புதிய கணினிக்கு இடமளிப்பதே நிலையான பரிகாரம்.

விதைநெல்லை ஒரே குதிரில் போட்டுவைக்கும் விவசாயி இல்லை. கணக்கையும் அவ்வாறே மூன்று இடங்களில் வைக்கவேண்டும்: கணினியில் ஒன்று, அலுவலகத்திலுள்ள வெளித்தட்டில் ஒன்று, வேறு கட்டிடத்தில் ஒன்று. மாத முடிவில் ஒவ்வோர் அங்கத்தினரின் இருப்புத் தொகையையும் தாளில் அச்சிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வைப்பது மிகவும் நலம். பழுதுபார்ப்பவரை அழைத்தால், "வன்தட்டை அழிக்கக்கூடாது, கணக்கை எடுத்த பின்னரே வேலை" என்று எழுதிக் கொடுத்து அவர் கையொப்பம் பெறுக.

கணினி விலைக்குக் கிடைக்கும். அங்கத்தினர் தம் சேமிப்பின் தொகையைக் கூட மனத்தில் வைத்துக்கொள்ளாமல் சங்கத்திடம் விட்டிருக்கின்றனரே, அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்க இயலாது.

பயிற்சி வினாக்கள்

1. கணினியில் அட்டைக்கோவைக்கு ஒப்பானது எது? துணிக்கு ஒப்பானது எது? இவ்விரண்டும் ஒரே இடத்திலிருப்பதால் விளையும் தீங்கு யாது?

2. வன்தட்டிலிருந்து தட்டும் ஓசை கேட்டால் செய்யவேண்டியது என்ன?

3. 'இன்ஸ்டால் நவ்' என்னும் பொத்தானை ஏன் அமுக்கலாகாது?

4. உமது சங்கத்தின் கணக்குக் கோப்புகள் கணினியில் எந்தக் கோப்புறையில் உள்ளன? அவற்றின் பிரதி கடைசியாக எந்நாளில் எடுக்கப்பட்டது? இவ்விரு விடைகளையும் குமாஸ்தாவிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்க.